துணியில் மிச்சம் பிடியுங்கள், நூலில் வேண்டாம்

கேள்வி: பழைய சட்டைகளையும் படுக்கை விரிப்புகளையும் சதுரமாக வெட்டி, வீட்டில் கிடந்த நூலால் ஒரு குயில்ட் போர்வை தைத்தேன். இரண்டாவது துவைப்பிலேயே சில கட்டங்கள் கிழிந்தன, சில இடங்களில் நூல் அறுந்தது, சிவப்புச் சாயம் வெள்ளையில் ஏறிவிட்டது. இதைக் காப்பாற்ற முடியுமா? அடுத்த போர்வையை அதிகச் செலவில்லாமல் உறுதியாகத் தைப்பது எப்படி?

பதில்: காப்பாற்றலாம். முதலில் சாயத்தைக் கவனியுங்கள். கறை போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். பெரிய தொட்டியில் நிறையத் தண்ணீரும் சலவைத் தூளும் சேர்த்து, போர்வை முழுவதும் மூழ்கும்படி ஒரு இரவு ஊறவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடி ஊற வையுங்கள். பொறுமைதான் வேண்டும். குளோரின் பிளீச் பக்கம் மட்டும் போகாதீர்கள். மற்ற நிறங்களும் வெளிறும், பருத்தி இழையும் பலமிழக்கும்.

கிழிந்த கட்டங்களைப் பிரித்தெடுக்க வேண்டாம். அதே அளவுக்கு மேல் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் கூடுதலாக ஒரு துண்டு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, கிழிந்த இடத்தின் மேலேயே வைத்துக் கையால் தைத்துவிடுங்கள்.

இனி அடுத்த போர்வை. பழைய துணியில் எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சட்டையில் கழுத்து, அக்குள், முழங்கை தேய்ந்திருக்கும். முதுகுப் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விரிப்பில் நடுப்பகுதி போயிருக்கும், ஓரங்கள் உறுதியாக இருக்கும். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சல்லடை போல் தெரியும் இடத்தை ஒதுக்குங்கள். அப்புறம் இரண்டு கட்டைவிரல்களாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழை பிரிகிற ஓசை கேட்டால் அந்தத் துண்டு தலையணைக்குள் திணிக்கத்தான் ஆகும். உங்கள் கட்டங்கள் கிழிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தையலுக்கு வெளியே கால் அங்குலம் விடாமல் தைத்திருந்தாலும் துணி பிய்ந்துகொண்டு வரும்.

பருத்தியோடு பருத்தியைச் சேருங்கள். பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது. இரண்டும் பக்கத்தில் இருந்தால் தையல் சுருக்கம் விழும். எது எது என்று தெரியாவிட்டால், சில நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாக இறுகும். பனியன் துணி இழுபடும் என்பதால் அதையும் தனியே வையுங்கள். வெட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள். சிவப்பு, கருநீலம் போன்றவற்றை ஈரமாக்கி வெள்ளைத் துணியின் மேல் அழுத்தினால், சாயம் விடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

சட்டைப் பை, பொத்தான் வரிசை இவற்றை வீணென்று நினைக்காதீர்கள். நான் ஒரு குழந்தைச் சட்டையின் பையைப் பிரிக்காமல் அப்படியே ஒரு கட்டமாக வைத்தேன். இன்றும் அந்தப் போர்வையை விரித்தால் கண் முதலில் அங்கேதான் போகிறது.

உள்ளே வைக்கப் பஞ்சு அட்டை வாங்க வேண்டியதில்லை. நைந்த மெல்லிய கம்பளிப் போர்வையோ ஃபிளானல் விரிப்போ போதும். அதையும் முன்னாலேயே துவைத்துச் சுருங்கவிடுங்கள். உதிரிப் பஞ்சை நிரப்பினால் துவைக்கத் துவைக்க ஒரு மூலைக்குப் போய்த் திரளும்; நெய்த கம்பளியில் அந்தத் தொல்லை இல்லை. துண்டுகளாகத்தான் இருக்கிறது என்றால், ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் ஒட்டினாற்போல் வைத்து ஜிக்ஜாக் தையல் போடுங்கள். மேடு தெரியாது. மேல்துணி, உள்ளே வைப்பது, அடித்துணி என மூன்று அடுக்கையும் விரித்து, ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்திய பிறகே தைக்க உட்காருங்கள்.

கருவிகளையும் வீட்டிலேயே தேடலாம். அட்டைப் பெட்டியில் அளவு வெட்டி, அதன் பின்பக்கம் உப்புத்தாள் ஒட்டினால் துணி நழுவாது. கோடு போட, காய்ந்த சோப்புச் சில்லு. க்ரீம் கலந்த சோப்பு எண்ணெய்க் கறை விடும், அது வேண்டாம். நேர்த்தையலுக்கு மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரமாகவே தைக்கலாம், ஆனால் அன்றே உரித்துவிடுங்கள். நாள்பட விட்டால் பசை துணியிலேயே தங்கிவிடும். கட்டங்களை இணைக்கும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் நூலை வெட்டாமல், அடுத்த ஜோடியைப் பின்னாலேயே மெஷினில் விட்டுக்கொண்டே போங்கள். மாலைபோல் தொடர்ந்து வரும், கடைசியில் பிரித்து வெட்டலாம். ஒவ்வொரு முறையும் வீணாகும் நூல் முனை மிச்சம்.

நான் பிடிவாதமாக இருப்பது நூலிலும் ஊசியிலும்தான். பழைய கண்டிலிருந்து ஒரு முழம் எடுத்துச் சுண்டி இழுங்கள். சட்டென்று அறுந்தால், எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் அதில் தைக்காதீர்கள். அதை முன்தையலுக்கு, அதாவது பிறகு பிரித்துவிடப்போகும் தற்காலிகத் தையலுக்கு, வைத்துக்கொள்ளலாம். மெஷின் ஊசியைச் சுமார் 8 மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மழுங்கிய முனை இழையை விலக்காமல் அறுக்கும். கட்டம் இணைக்க 80/12, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 90/14 அளவு ஊசி சரியாக இருக்கும். கையால் தைப்பதானால் நூலை 45 செ.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். நீளமான நூல் துணிக்குள் போய்வந்தே நைந்துபோகும்.

முதலில் நான்கு கட்டம் மட்டும் மூன்று அடுக்காகத் தைத்து, வழக்கமாகத் துவைப்பதுபோல் மூன்று முறை துவைத்துப் பாருங்கள். அது தாங்கினால் மீதித் துணியை வெட்டத் தொடங்கலாம்.