பறவைகள் பற்றி ஒன்றும் தெரியாது, சின்னப் பிள்ளைகளோடு பறவை பார்க்கும் நடைக்குப் போகலாமா?

சென்னையில் இருக்கிறீர்கள், மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. ஞாயிறு காலை பக்கத்துப் பூங்காவில் பறவை பார்க்கும் நடை என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்திருக்கிறது. வீட்டில் பைனாகுலர் இல்லை, காக்கா, கிளி, மைனாவுக்கு மேல் பெயர் தெரியாது. அங்கே போய் அசடு வழிய வேண்டியிருக்குமா, சின்னவன் பாதியில் அழ ஆரம்பித்தால் என்ன செய்வது, இதற்குப் பேசாமல் ஒரு நாள் வேடந்தாங்கல் போய்வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். பெயர் தெரியாதது ஒரு குறையே இல்லை. நான் வேளச்சேரிப் பக்கம் இருப்பவள். சில வருடங்களாக இப்படிப்பட்ட நடைகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலராகக் கூடப் போகிறேன். பார்த்தவரையில், ஒன்றும் தெரியாமல் வரும் அம்மா அப்பாக்களின் பிள்ளைகள்தான் நன்றாகப் பார்க்கிறார்கள். பெற்றவர்களும் அவர்களோடு சேர்ந்து "அது என்ன செய்யுது?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஓரளவு தெரிந்த அப்பாக்களைத்தான் சமாளிக்க முடியாது. பிள்ளை பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் பெயர், ஊர், ஆங்கிலப் பெயர் எல்லாம் ஒப்பித்து முடித்திருப்பார்கள்.

ஆனால் வந்த அழைப்பு எந்த மாதிரி நடைக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி, நாலு மணி நேரம் நடந்து, சேற்றில் நிற்கும் உள்ளான் இந்த வகையா அந்த வகையா என்று அரை மணி நேரம் விவாதிக்கும் நடைகள் உண்டு. பறவை ஆர்வலர்களுக்கு அது சொர்க்கம், 5 வயதுப் பையனுக்குத் தண்டனை. குடும்பங்களுக்கென்று நடத்துவது வேறு மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதிகம் நடக்க வேண்டாம், நடுவில் உட்கார்ந்து எதையாவது கொறிக்கலாம். நடத்துபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை பேர் வருகிறார்கள், கழிப்பறை இருக்கிறதா, இரவல் பைனாகுலர் கிடைக்குமா. இருபது பேருக்கு மேல் என்றால், ஆளைப் பிரித்து இரண்டு குழுவாக அழைத்துப் போகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் ஒரே வரிசையில் நடந்தால், முன்னால் இருக்கும் ஐந்து பேருக்குப் பறவை, மற்றவர்களுக்கு முதுகு.

இனி வேடந்தாங்கல். நல்ல இடம்தான், மறுக்கவில்லை. மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்த வருடத்தில் டிசம்பர், ஜனவரி வாக்கில் அங்கே நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் சென்னையிலிருந்து 80 கிலோமீட்டர் பயணம். மரங்கள் ஏரிக்கு நடுவே, நாம் கரையில். பைனாகுலர் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரிவது மரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் மட்டும்தான். முதல் தடவைக்கு அது வேண்டாம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகிற இடம், மறுபடியும் மறுபடியும் போக முடிகிற இடம், அதுதான் சரி. பூங்காவில் முதல் நாள் பார்த்த அதே மரங்கொத்தி அடுத்த வாரமும் அதே தென்னையில் இருக்கும். "நம்ம மரங்கொத்தி" என்று உங்கள் மகள் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவளே உங்களை இழுத்துக்கொண்டு போவாள்.

பூங்காவில் அப்படி என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். இரண்டே இரண்டு பறவையைச் சொல்கிறேன்.

ஒன்று மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். ஏதாவது ஒரு குட்டையின் ஓரத்தில் மண் நிறத்தில் குத்துக்கல் மாதிரி நிற்கும். பக்கத்தில் போனாலும் கண்ணில் படாது. நான் வரும் நடைகளில் பிள்ளைகளைக் கரையில் உட்காரவைத்து, "இங்கே ஒருத்தர் மீன் பிடிச்சுட்டு இருக்கார், கண்டுபிடிங்க" என்போம். யாராவது ஒரு வாண்டு கண்டுபிடித்துவிடும். பிறகு அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்போம். கழுத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கும். ஒரு காலை எடுத்து, தண்ணீரில் சுழி விழாமல் அடுத்த இடத்தில் வைக்கும். அது முடிய ஒரு யுகம் ஆகும். திடீரென்று கழுத்து முழு நீளத்துக்கும் பாயும், அலகில் ஒரு குட்டி மீனோ தவளையோ துடிக்கும். இதைவிட நல்ல இடம் அது பறக்கும்போது. மண் நிறத்தில் உட்கார்ந்திருந்தது, சிறகை விரித்ததும் பளீரென்று வெள்ளையாகிவிடும். பெரியவர்களே "அடடே, வேற பறவையா?" என்பார்கள். கோடை தொடங்கி இனப்பெருக்க காலம் வந்துவிட்டால் அதே மடையானின் முதுகு கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். பிப்ரவரியில் பார்த்த பிள்ளைகளை ஜூனில் மறுபடி கூட்டிப் போனால் இதை அவர்களே கண்டுபிடிப்பார்கள், நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

இன்னொன்று குக்குறுவான். பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது. கண்ணில் படுவதற்கு முன் காதில் விழும். ஆல், அரசு, அத்தி இருக்கும் பூங்கா என்றால் "டுக்... டுக்... டுக்..." என்று ஒரே சீராக விடாமல் கேட்கும். வெயில் ஏற ஏற இன்னும் உற்சாகமாகக் கூப்பிடும். பிள்ளைகளை நிற்கவைத்து எண்ணச் சொன்னால் போதும், ஓட்டமும் கூச்சலும் தானாக அடங்கிவிடும். கூப்பிடும்போது அலகு மூடியே இருக்கும். தொண்டைப் பக்கத்துத் தோல்தான் உப்பி உப்பி அடங்கும். இதை டெலஸ்கோப்பில் பார்த்த ஒரு பாப்பா, தானும் வாயை மூடிக்கொண்டு "டுக்" சொல்லிப் பார்த்து, அன்று முழுக்க வேறு எதுவும் பேசவில்லை. பட்டுப்போன கிளையின் அடிப்பக்கத்தில் வட்டமாக ஓட்டை இருந்தால் அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். குக்குறுவான் குடைந்த பொந்தாக இருக்க வாய்ப்பு உண்டு. பூங்காவைச் சுத்தம் செய்கிறோம் என்று பட்டுப்போன கிளையை எல்லாம் வெட்டிவிட்டால் இது வீட்டுக்கு எங்கே போகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது, வெட்டுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பைனாகுலர் இப்போதே வாங்காதீர்கள். நாலைந்து நடை போன பிறகும் ஆசை இருந்தால் 8x42 அல்லது 8x32 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடத் தெரியும், பார்க்கும் வட்டமும் சுருங்கும். மகளுக்கு எடை குறைந்த 8x32 தாராளம். மகனுக்கு இப்போதைக்கு எதுவும் வேண்டாம், பெரியவர்களுக்கான பைனாகுலரின் இரண்டு குழல்களும் அவன் கண்களின் இடைவெளிக்குச் சேராது, கறுப்பு வளையம்தான் தெரியும். இரண்டு அட்டைக் குழாயை ஒட்டிக் கொடுங்கள், அவனும் கெத்தாக வருவான். பைனாகுலர் பிடிக்கும்போது பறவை மேலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் உயர்த்திக் கண்ணருகே கொண்டுவரப் பழக வேண்டும். பறவையில் ஆரம்பிக்காதீர்கள், பூங்கா அறிவிப்புப் பலகையில் உள்ள எழுத்தைப் படித்துப் பழகட்டும்.

அப்புறம், பிள்ளைகளுக்குக் காட்டும்போது "அதோ, அதோ!" என்று விரலை நீட்டுவதால் பயன் இல்லை. பிள்ளை உங்கள் விரலைத்தான் பார்க்கும். "அந்தப் பெரிய வேப்பமரம், அதில் இலையே இல்லாத கிளை, அதோட நுனி" என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு வாருங்கள்.

மற்றபடி தொப்பி, தண்ணீர், பிஸ்கட், கொசுவுக்கு முழுக்கால் சட்டை, இவ்வளவுதான். பளிச்சென்ற உடை வேண்டாம். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம்.

ஒன்றிரண்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நடத்துபவர் செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைத்தால், அந்தக் குழுவோடு அடுத்த முறை போகாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பறவை தின்பதை விட்டுவிட்டு அலையும், கூட்டில் குஞ்சு இருந்தால் இன்னும் மோசம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பயன்படுத்துவதில் தவறில்லை, அப்போது அது கேட்க மட்டும்தான் செய்கிறது. ஆனால் திரையையே பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் பையில் போடச் சொல்லுங்கள். யார் அதிகப் பறவை பார்த்தது என்று பரிசு வைக்கும் நடைகளும் எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளைகள் பார்க்காததையும் எழுதத் தொடங்கிவிடுவார்கள். வீட்டில் இருக்கும் போட்டி போதாதா?

எங்கே என்று கேட்டால், அடையாறு கழிமுகத்தை ஒட்டி, சீரழிந்து கிடந்த இடத்தை மீட்டு 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்கா 58 ஏக்கர் இருக்கும், அனுமதி முறையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், சேர்ந்தது. அதன் ஓரத்திலேயே சூழல் பூங்காவும் நடைபாதையும் இருப்பதால் பிள்ளைகளோடு போகலாம். நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், கூழைக்கடா எல்லாம் அங்கே சாதாரணம். 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இந்த ஊரில் பறவை பார்ப்பவர்களுக்கு மூத்த வீடு மாதிரி, அவர்களின் வெளிப்பயண அறிவிப்புகளையும் கவனித்து வையுங்கள். தமிழில் பிள்ளைகளுக்கான பறவைக் கையேடு வேண்டுமென்றால், மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் 'ஏர்லி பேர்ட்' திட்டத்தில் கிடைக்கும்.

பறவை ஒத்துவரவில்லை என்றால் மரத்துக்கு மாறுங்கள். மரம் பறந்து போகாது, 5 வயதுப் பையன் தொட்டுப் பார்க்கலாம், காயைப் பொறுக்கலாம். மரங்களுக்காக வேலை செய்யும் 'நிழல்' என்ற அமைப்பினர் சென்னைப் பூங்காக்களில் மர நடை நடத்துகிறார்கள். குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை அவர்கள் மரப் பூங்காவாக்கிய கோட்டூர்புரத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். கடலாமைகள் கரையேறி இடும் முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கும் ஆமை நடை பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். 1988-லிருந்து மாணவர்கள் முன்னின்று நடத்தும் அருமையான வேலை அது, ஆனால் நள்ளிரவில் கடற்கரை மணலில் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் வளரட்டும்.

காலம் என்று பார்த்தால், வலசைப் பறவைகள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அக்டோபரில் ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து வந்து இறங்கும். களைத்துப்போய் மொட்டை மாடியிலும் பால்கனியிலும் உட்கார்ந்திருப்பதைச் சென்னையில் பலர் பார்த்திருக்கிறார்கள். நவம்பர், டிசம்பர் மழையில் பாதி நடைகள் ரத்தாகும். ஜனவரி, பிப்ரவரிதான் சுகம். மே மாதத்தில் யாராவது கூப்பிட்டால் நல்ல சாக்காகச் சொல்லி நழுவிவிடுங்கள்.

ஜனவரி என்றதும் ஒன்று. 2015-லிருந்து பொங்கலையொட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கும் போக வேண்டாம், மொட்டை மாடியே போதும். குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவை ஒவ்வொன்றையும் எண்ணி, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் 'இபேர்ட்' இணையதளத்தில் பதிய வேண்டும். தெரியாத பறவையை ஊகித்து எழுதாதீர்கள், விட்டுவிடுங்கள். மகளிடம் நோட்டைக் கொடுங்கள். சின்னவனுக்குக் காக்கா எண்ணும் பொறுப்பைக் கொடுங்கள். சென்னையில் அவனுக்குத்தான் வேலை அதிகம்.