இரண்டு கிராபிக்ஸ் கார்டு, ஒரே கேபினெட்: குளிரூட்டல் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டு இரண்டை எஸ்எல்ஐ முறையில் (இரண்டு கார்டும் சேர்ந்து ஒரே விளையாட்டை ஓட்டும் என்விடியாவின் முறை) இணைத்திருக்கிறேன். விளையாடும்போது கீழ்க் கார்டு 70 டிகிரியில் நிற்கிறது. மேல் கார்டு 84ஐத் தொட்டு வேகம் குறைந்துவிடுகிறது. கார்டில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, மேல் கார்டுக்கு மூச்சு முட்டுகிறது. வழக்கமான டவர் கேபினெட்டில் கார்டின் ஃபேன்கள் தரையைப் பார்த்து இருக்கும். கீழ்க் கார்டுக்கு அடியிலிருந்து நல்ல காற்று கிடைக்கிறது. மேல் கார்டோ கீழ்க் கார்டின் முதுகை ஒட்டிச் சூடேறிய காற்றைத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. 84 டிகிரி என்பது அந்தக் கார்டுக்குத் தொழிற்சாலையிலேயே வைத்த வெப்ப எல்லை. அதை எட்டியதும் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கூலரை மாற்றும் யோசனையை ஒத்திவைத்துவிட்டு, முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள். மதர்போர்டில் கார்டு செருகும் ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் 20.32 மில்லிமீட்டர் தூரம். இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கார்டுகளை மூன்று ஸ்லாட் தள்ளிப் பொருத்தினால் நடுவே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கிடைக்கும். இரண்டே ஸ்லாட் தள்ளிப் பொருத்தினால் சில மில்லிமீட்டர்தான் மிஞ்சும். எந்த ஃபேனும் அந்தச் சந்தில் போதிய காற்றை இழுக்க முடியாது. ஆகவே கீழ்க் கார்டை இன்னும் கீழே இறக்க முடியுமா என்று பாருங்கள். ஆனால் அந்த ஸ்லாட்டில் எட்டு லேன் (தரவு போய்வரும் பாதைகள்) உண்டா என்று கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். நான்கு லேன் மட்டும் என்றால் எஸ்எல்ஐ வேலை செய்யாது. இரண்டு கார்டையும் சேர்க்கும் இணைப்புப் பாலமும் புதிய தூரத்துக்குப் பொருந்த வேண்டும்.

கேள்வி: இரண்டு கார்டு வைக்க புளோயர் வகை நல்லதா, இரண்டு மூன்று ஃபேன் உள்ள திறந்த வகை நல்லதா?

பதில்: அந்த இடைவெளியைப் பொறுத்தது. புளோயர் காற்றை ஒரு முனையில் இழுத்து, சூட்டைக் கேபினெட்டின் பின்புறம் வழியாக நேரே வெளியே தள்ளிவிடும். திறந்த வகை அதே சூட்டைக் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டும். கார்டுகள் நெருக்கமாக இருந்தால், சத்தம் அதிகம் என்றாலும் நான் புளோயரைத்தான் சொல்வேன். பல கார்டுகளை அடுக்கும் பணிநிலையக் கணினிகளில் இன்றும் அதுவே வழக்கம். முழுதாக ஒரு ஸ்லாட் இடைவெளியும் வலைமுகப்புள்ள கேபினெட்டும் இருந்தால் திறந்த வகை போதும், அமைதியாகவும் ஓடும்.

கேள்வி: என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3090 இரண்டு இருக்கின்றன. சிப் 68 டிகிரிதான் காட்டுகிறது, இருந்தும் வேகம் விழுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் பார்ப்பது சிப்பின் வெப்பத்தை மட்டும். 3090இல் 24 ஜிபி நினைவகம் பலகையின் இருபுறமும் பரவியிருக்கிறது. பாதிச் சில்லுகள் முதுகுப்பக்கம், ஃபேன் காற்று படாத இடத்தில் இருக்கின்றன. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் நினைவகத்தின் வெப்பத்தைத் தனியாகப் பாருங்கள். அது 110 டிகிரியை எட்டினால் கார்டு வேகத்தைக் குறைத்துவிடும்.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு, அதை முதலில் செய்யுங்கள். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 80 சதவீதமாக்கினால் 350 வாட் 280 ஆகும். இரண்டு கார்டுக்கும் சேர்த்து 140 வாட் சூடு கேபினெட்டுக்குள் வராமலே போகும், விளையாட்டில் குறைவதோ சில பிரேம்கள்தான். போதாவிட்டால் முதுகுத் தகட்டின் மேல் காற்று படும்படி ஒரு ஃபேனை வையுங்கள். அடுத்தது, கார்டைப் பிரித்து, சில்லுகளின் சூட்டைக் கடத்தும் மெத்தைகளான தெர்மல் பேடுகளை மாற்றுவது. பழைய பேடின் தடிமனை அளக்காமல் புதியதை வாங்காதீர்கள். தடிமன் கூடினால் சிப்புக்கும் சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்குக்கும் நடுவே இடைவெளி விழுந்து, சிப் சூடாகத் தொடங்கிவிடும்.

கேள்வி: தண்ணீர்க் குளிரூட்டல் அமைக்கிறேன். முதல் கார்டைக் கடந்து சூடான தண்ணீர் இரண்டாவது கார்டுக்குப் போவது கெடுதல் இல்லையா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீரில் 350 வாட் சூடு ஏறினால், அதன் வெப்பநிலை உயர்வது சுமார் ஒன்றேகால் டிகிரி. அதற்காகக் குழாய்களின் வரிசையை மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கவனமெல்லாம் ரேடியேட்டரின் பரப்பில் இருக்கட்டும். ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் அளவுக்கு 100 முதல் 150 வாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு 3090க்கும் புராசஸருக்கும் சேர்த்து மூன்று ஃபேன் கொள்ளும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் இரண்டு வேண்டும். எல்லாம் தாமிரமாகவே இருக்கட்டும். சிப்பின் மேல் உட்காரும் தாமிர பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

கேள்வி: புராசஸருக்கு ரெடிமேட் வாட்டர் கூலர் போடுகிறேன். ரேடியேட்டர் எங்கே?

பதில்: மேற்கூரையில், காற்று வெளியேறும்படி. உள்ளே சேரும் காற்றுக் குமிழி மேலே ரேடியேட்டரில் தங்கும், பம்புக்குள் வராது.

கேள்வி: சென்னையில் ஏசி இல்லாத அறை. மே மாதத்தில் தண்ணீர்க் குளிரூட்டல் கைகொடுக்குமா?

பதில்: ஓரளவுக்குத்தான். எந்த ரேடியேட்டரும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. அறை 36 டிகிரி என்றால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் இறங்குகிறது. இரண்டு 3090உம் புராசஸரும் சேர்ந்து இழுக்கும் 850 வாட் என்பது 1 டன் ஏசியின் திறனில் ஏறக்குறைய கால் பங்கு. கூலருக்குக் கூடுதல் பணம் போடுவதைவிட, சூடான காற்றை ஜன்னல் வழியே வெளியேற்ற ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குங்கள்.

கேள்வி: நான் விளையாட மட்டும்தான் கணினி சேர்க்கிறேன். ஒரு கார்டா, இரண்டா?

பதில்: ஒன்று. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2021 ஜனவரி முதல் என்விடியா தன் டிரைவர் மென்பொருளில் புதிய விளையாட்டுகளுக்கான எஸ்எல்ஐ அமைப்புகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. ஆர்டிஎக்ஸ் 4090இல் கார்டுகளைச் சேர்க்கும் என்விலிங்க் இணைப்பே கிடையாது. விளையாட்டில் 24 ஜிபியும் 24 ஜிபியும் 48 ஆவதும் இல்லை, இரண்டு கார்டிலும் ஒரே தரவுதான் நிரம்பும். முப்பரிமாண ரெண்டரிங், செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் என்று வேறு வேலை இருப்பவர்கள் இரண்டு வாங்கட்டும். உங்கள் பணம் ஒரு நல்ல கார்டுக்கும் காற்றோட்டமுள்ள கேபினெட்டுக்கும் போகட்டும்.

கேள்வி: தூசியை எப்படித் துடைப்பது?

பதில்: கணினியை அணைத்து மின்கம்பியைக் கழற்றிவிட்டு, தூசி ஊதும் கைக் கருவியால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் கெட்டுப்போகும்.