குறும்பட இசைக்கு எந்த சாஃப்ட் சிந்த் (கணினியிலேயே சத்தம் உருவாக்கும் மென்பொருள்) வாங்கலாம்: சீரமா, வைட்டலா, டிவாவா, ஆம்னிஸ்பியரா?

முதலில் வைட்டலை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். மற்றதை அப்புறம் பேசலாம்.

குறும்படங்களுக்குப் பின்னணி இசையும் சவுண்ட் டிசைனும் செய்கிறேன், 8 ஜிபி ரேம் லேப்டாப், ஒன்றுதான் வாங்க முடியும், நான்கில் எது ‘சினிமாத் தரம்’ என்று கேட்டிருக்கிறீர்கள். தரம் என்று பார்த்தால் நான்குமே தேறும். வசனமும் வயலினும் மேலே ஏறிய பிறகு இது சீரம், இது வைட்டல் என்று காதால் பிரித்துச் சொன்ன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, ஒரு சிந்த்தில் சத்தத்தின் குணம் எங்கே உருவாகிறது என்பதைத்தான். சீரத்திலும் வைட்டலிலும் அது ஆசிலேட்டரில், அதாவது மூல அலையைப் பிறப்பிக்கும் பகுதியில், இருக்கிறது. டிவாவில் அந்த அலையில் வேண்டாததை வெட்டும் ஃபில்டரில். ஆம்னிஸ்பியரில் பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே பதிவு செய்து வைத்த சாம்பிளில். உங்களுக்கு எந்த இடத்தில் கை வைத்து வேலை செய்யப் பிடிக்கிறதோ அதை வாங்குங்கள்.

சீரம், வைட்டல் இரண்டும் வேவ்டேபிள் வகை. ஜெர்மனியில் வொல்ஃப்காங் பாம் 1980-களின் தொடக்கத்தில் பிபிஜி வேவ் கருவிகளில் கொண்டுவந்த யோசனை இது. ஒரே அலைவடிவத்தை வைத்துக்கொள்ளாமல் பல அலைவடிவங்களை அடுக்கி வைத்து, வாசிக்கும்போதே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது. சீரத்தின் ஒரு டேபிளில் 256 ஃபிரேம் வரை வைக்கலாம், ஒவ்வொன்றும் 2048 சாம்பிள் (இங்கே சாம்பிள் என்பது அலையின் ஒரு புள்ளி). 2014-இல் ஸ்டீவ் டூடா இதை வெளியிட்டபோது எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்ததற்குச் சத்தம் ஒரு காரணம் என்றால், திரை இன்னொரு காரணம். எல்எஃப்ஓவை (மெதுவாக ஆடும் கட்டுப்பாட்டு அலை) பிடித்து இழுத்து, ஃபில்டர் எங்கே வெட்டுகிறது என்பதைச் சொல்லும் கட்ஆஃப் குமிழ்மேல் போட்டால் அது ஆடுவது கண்ணுக்கே தெரியும். சிந்தசிஸ் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

2020 நவம்பரில் மேட் டைட்டெல் வைட்டலை வெளியிட்டார். அதே வேலைமுறை, கூடவே ஒலியின் சுருதிக் கூறுகளை வளைக்கும் ஸ்பெக்ட்ரல் வார்ப் வசதிகள், அடிப்படைப் பதிப்புக்குக் காசு கிடையாது. காசு கொடுத்தால் கூடுதல் ப்ரீசெட்டும் (தயாராக அமைத்த சத்தங்கள்) வேவ்டேபிளும் வரும், எஞ்சின் ஒன்றேதான். (இது வந்த பிறகும் கிராக் தேடி வைரஸ் வாங்கிக்கொள்கிறவர்களை எனக்குப் புரியவில்லை.) ஒரு குறை: அதன் திரை கிராஃபிக்ஸைக் கொஞ்சம் தின்னும். பழைய லேப்டாப்பில் திக்கினால் விண்டோவை மூடிவிட்டு வாசியுங்கள்.

இந்த வகைக்கு ஓர் எல்லை உண்டு. சவுண்ட் டிசைன் செய்கிற உங்களுக்கு அது சீக்கிரமே தட்டுப்படும். கோயில் மணியோசையைப் பதிவு செய்து ஆசிலேட்டரில் இழுத்துப் போட்டு, டிரோன் (நீண்டு நிற்கும் ஒரே ஒலி) செய்யலாம் என்று பாருங்கள். மணி காணாமல் போய் ஆர்கன் மாதிரி ஒன்று ஒலிக்கும். வேவ்டேபிளில் ஒரு ஃபிரேம் என்பது திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரே ஒரு சுழற்சி. அப்படிச் சுற்றும் எதிலும் அடிப்படைச் சுருதியின் 2, 3, 4 மடங்கு என்று முழு மடங்குகள் மட்டுமே இருக்க முடியும். மணியின் உலோகத்தன்மையோ முழு மடங்கில் அடங்காத சுருதிகளால் வருவது. அதனால் மாற்றத்தில் அதுதான் முதலில் தொலைகிறது. அதே பதிவை வைட்டலின் சாம்பிள் பகுதியில் போட்டால் தப்பிக்கும்.

பதிவே இல்லாமல் மணி வேண்டுமென்றால் எஃப்எம்தான் வழி, அதாவது ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டுவது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சவ்னிங் 1967-இல் கண்டுபிடித்த முறை, 1983-இல் யமஹா டிஎக்ஸ்7 வழியாக உலகம் முழுக்கப் பரவியது. வைட்டலிலேயே செய்யலாம்: இரண்டு ஆசிலேட்டரிலும் சைன் அலை, இரண்டாவதை 6 செமிடோன் ஏற்றுங்கள். விகிதம் ஏறக்குறைய 1.414, முழு எண்ணிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கிறது. முதல் ஆசிலேட்டரில் எஃப்எம் தேர்ந்தெடுத்து, அதன் அளவை மெதுவாக இறங்கும் ஓர் என்வலப்போடு (நேரத்தோடு ஏறி இறங்கும் வளைவு) இணையுங்கள். அடித்தவுடன் கணீரென்று எழுந்து, போகப் போக வெறும் ரீங்காரமாக அடங்கும். இன்னும் ஆழமாகப் போக டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச சிந்த் இருக்கிறது, டிஎக்ஸ்7-இன் ஆறு ஆப்பரேட்டர் (சைன் அலை தரும் பகுதிகள்), அவற்றை இணைக்கும் 32 அல்காரிதம் அப்படியே கிடைக்கும். திரையைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், இரண்டு ஆப்பரேட்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

டிவா வேறு ஜாதி. பெர்லின் யூ-ஹி நிறுவனம் 2011-இல் வெளியிட்டது. பழைய அனலாக் கருவிகளின் ஆசிலேட்டர்களையும் ஃபில்டர்களையும் கழற்றி மாட்டுகிற மாதிரி தந்திருக்கிறார்கள்: மினிமூக் வகை லேடர், கோர்க் எம்எஸ்-20 வகை ஃபில்டர் என்று. உண்மையான அனலாக் சர்க்யூட்டில் ஃபில்டரின் வெளியீடு உடனுக்குடன் உள்ளே திரும்பி வரும். கணினியில் எளிமையாகச் செய்தால் அது ஒரு சாம்பிள் தாமதித்தே வரும். சாதாரண பேட் சத்தத்தில் (நீண்டு படரும் பின்னணி ஒலி) இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ரெசொனன்ஸை (கட்ஆஃப் அருகே ஒலியை உரக்கத் தூக்கும் அளவு) முக்கால்வாசிக்கு மேல் ஏற்றி, கட்ஆஃபை மேலும் கீழும் வேகமாக ஓட்டினால்தான் மெலிந்த ஃபில்டர்கள் கீச்சிடத் தொடங்கும். டிவா அந்தத் தாமதம் இல்லாமல் ஒவ்வொரு சாம்பிளுக்கும் கணக்குப் போடுகிறது. அந்த இடத்தில் வருகிற கொழகொழப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். விலையை சிபியு கொடுக்கிறது. ரிலீஸ் (விரலை எடுத்த பிறகு ஒலி அடங்கும் நேரம்) நீளமான ஒரு நாலு சுர கார்டு பிடித்தாலே சாதாரண லேப்டாப்பில் மீட்டர் எகிறும். டிராஃப்ட், ஃபாஸ்ட், கிரேட், டிவைன் என்று நான்கு தர நிலைகள் உண்டு. எழுதும்போது டிராஃப்டில் வைத்துக்கொண்டு, ரெண்டர் செய்யும்போது மட்டும் உயர்ந்த தரத்துக்குத் தானாக மாறும்படி அதன் அமைப்பிலேயே சொல்லி வைக்கலாம். உங்கள் மெஷினுக்கு இது கட்டாயம்.

ஆம்னிஸ்பியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரோலண்ட் டி-50-க்குச் சத்தங்கள் செய்த எரிக் பெர்சிங் கட்டிய நூலகம் அது, ஒரு பியானோவையே கொளுத்திவிட்டு அது எரியும்போது பதிவு செய்த ஒலிகூட உள்ளே இருக்கிறது. நாளைக் காலைக்குள் ரீல் கொடுக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் 60 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், எஸ்எஸ்டி இல்லாவிட்டால் ஒரு பேட்ச் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். விலையும் நான்கில் உச்சம். இன்னொன்று, 14,000-க்கும் மேற்பட்ட சத்தங்களைத் தள்ளித் தள்ளிக் கேட்டே மாலை முடிந்துவிடும். சவுண்ட் டிசைன் கற்க நினைப்பவருக்கு அது நல்லதில்லை என்பது என் கருத்து.

நம் பாணி மெலடிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான சிந்த்களில் பிட்ச் பெண்ட் 2 செமிடோனில் வைக்கப்பட்டிருக்கும், ச-விலிருந்து ப-வுக்கே 7 செமிடோன் போக வேண்டும். பெண்ட் அளவை 12 ஆக்குங்கள், வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள்) எண்ணிக்கையை 1 ஆக்குங்கள், சுரங்கள் விடாமல் தொடரும்படி லெகாட்டோவைப் போடுங்கள். பிறகு கமகத்தைப் பிட்ச் பெண்ட் வளைவாகக் கையால் வரையலாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தானாக வழுக்கும் கிளைடை மட்டும் நம்பினால் எல்லாக் கமகமும் ஒரே ஜாருவாக வழுக்கும். வைட்டலில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்க உதவும் எம்பிஇ வசதியும், ஸ்காலா கோப்பில் சொந்தச் சுருதி அமைப்பு ஏற்றும் வசதியும் இருக்கின்றன, இலவசப் பதிப்பிலும்.

ஆக, சில மாதம் வைட்டலும் டெக்ஸ்டும். அதில் ஃபில்டரைத்தான் அதிகம் நோண்டுகிறீர்கள் என்றால் டிவா வாங்குங்கள். அதன் டெமோவில் அவ்வப்போது ஒரு கரகரப்பு வரும், மற்றபடி முழுதாக வேலை செய்யும். உங்கள் லேப்டாப் தாங்குமா என்பதை அதிலேயே பார்த்துவிடலாம். வேவ்டேபிளிலேயே கிடக்கிறீர்கள் என்றால் சீரம். 2025-இல் வந்த சீரம் 2-இல் பதிவு செய்த ஒலியையே மூலமாக வைத்து வேலை செய்யும் கிரானுலர், ஸ்பெக்ட்ரல், மல்டிசாம்பிள் ஆசிலேட்டர்களும் சேர்ந்துவிட்டதால், அந்த மணியோசையை நேராகவே உள்ளே போட்டு டிரோன் ஆக்கலாம். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் ஸ்ப்ளைஸ் என்ற இணையதளத்தில் மாதத் தவணை இருக்கிறது. ஆம்னிஸ்பியருக்கு டெமோ கிடையாது. தெரிந்த ஸ்டுடியோவில் யாராவது வைத்திருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.