உப்பில்லாத பருப்பு சூப்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஊட்டா மாநிலத்தில், லீஹை என்ற ஊரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். வயது 31. கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறானாம். அவள் மோர்மன் மதம், அமெரிக்காவில் உருவான ஒரு கிறிஸ்தவப் பிரிவாம். என் நாத்தனார் மகன் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அவர்களில் ஒருத்தனுக்குப் பல மனைவிகளாம். மந்திர உள்ளாடை போடுவார்களாம். செத்தவர்களைக்கூட மதம் மாற்றுவார்களாம். மலையைக் குடைந்து ரகசிய அறை கட்டி உலகத்தில் எல்லார் விவரத்தையும் சேர்க்கிறார்களாம். அமெரிக்க அரசாங்கமே அவர்கள் கையிலாம். எல்லா வீடியோவையும் மகனுக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. போன வருஷம் அவனுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனது எங்களுக்கே நாலு மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போது அந்தச் சபைப் பெண்கள் பத்து நாள் உப்பில்லாத பருப்பு சூப் கொடுத்தே அவனை வளைத்துவிட்டார்கள். இந்தக் கல்யாணத்தை எப்படித் தடுப்பது? அவன் அப்பா வாயே திறப்பதில்லை.
- ஒரு தாய், திருச்சி

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம், சகோதரி. இடம் கருதிச் சுருக்கிப் போட்டிருக்கிறோம். அந்த ஆறு பக்கத்தில் உங்கள் பிள்ளையின் வயிற்றைக் கிழித்த சேதி ஒன்றரை வரிதான் வருகிறது. அதுவும் சூப்பில் உப்பில்லை என்று குறை சொல்வதற்காக வருகிறது. மந்திர உள்ளாடைக்கு முழுசாக ஒரு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் அந்த ஒன்றரை வரியை விடப் போவதில்லை. பித்தப்பைக் கல் வலி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கணவருக்கு வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு மனுஷன் தரையில் சுருண்டு கிடந்தார். அப்படி வலி வந்தபோது உங்கள் மகன் யாரையோ கூப்பிட்டிருக்கிறான். யாரோ காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் யாரோ பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். அது நீங்கள் இல்லை. சரி, தூரம், விசா, டிக்கெட் விலை, எல்லாம் புரிகிறது. ஆனால் ஃபோனில்கூட நீங்கள் இல்லையே. அவன் எழுந்து நடந்து, வேலைக்குப் போய், தையல் ஆறி, நாலு மாதம் கழித்துத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறான். அவன் ஏன் மறைத்தான் என்று ஆறு பக்கத்தில் ஓரிடத்திலாவது உங்களை நீங்களே கேட்டுக்கொண்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். பதிலை நான் சொல்கிறேன். உங்களிடம் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு வீடியோ வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் செய்ததையும் நான் சரி என்று சொல்லவில்லை. பெற்றவளிடம் ஆபரேஷனை மறைப்பது தப்பு. இந்தப் பக்கத்தை அவன் படித்தால் அவனுக்கும் இதே திட்டுதான். ஆனால் கடிதம் எழுதியது நீங்கள்.

அடுத்து, ‘வளைத்துவிட்டார்கள்.’ அந்தச் சபையில் பெண்கள் சங்கம் ஒன்று உண்டு. 1842-ல் தொடங்கியது. யார் வீட்டில் பிரசவம், யாருக்கு ஆபரேஷன், எந்த வீட்டில் சாவு என்று பார்த்து முறைவைத்துச் சாப்பாடு எடுத்துப் போவது அவர்களுக்குப் பழகிப்போன வேலை. என் தங்கை மகள் அதே ஊட்டாவில் ஓரெம் நகரில் இரண்டு வருஷம் குடியிருந்தாள். பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த அன்றைக்கு வாசலில் அலுமினியத் தாள் மூடிய தட்டு இருந்ததாம். மூடியில் ஒட்டியிருந்த காகித நாடாவில் பேனாவால், ‘பாத்திரம் திருப்பித் தர வேண்டாம், முட்டை சேர்க்கவில்லை.’ இவள் முட்டை சாப்பிட மாட்டாள் என்பதை யாரோ விசாரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்கும் யாரோ விசாரித்துத்தான் இறைச்சி போடாமல் பருப்பு வேகவைத்திருக்கிறார்கள். திருச்சியில் பக்கத்து வீட்டுக்காரி ரசம் சாதம் கொண்டுவந்தால் அதற்கு ‘வளைப்பது’ என்றா பெயர்?

இப்போது உங்கள் வீடியோக்களுக்கு வருகிறேன். இந்தக் கதைகள் புதிதில்லை. ஒரு காலத்தில் மோர்மன்களுக்குத் தலையில் கொம்பு இருக்கும் என்றே அமெரிக்காவில் நம்பினார்கள். 1838-ல் மிசௌரி மாநில ஆளுநர், இவர்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போட்டார். அது முறைப்படி ரத்தானது 1976-ல்தான். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தை 1844-ல் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. 1853-ல் இவர்களுடைய மதப் பிரசங்கிகள் நம் மதராஸுக்கே வந்து, ஒரு வருஷம் போல இருந்துவிட்டுப் போனார்கள். இங்கேயும் அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தது பலதாரக் கதைதான்.

அந்தக் கதை அன்றைக்கு உண்மை. ஜோசப் ஸ்மித்தே பல பெண்களை மணந்தவர். 1852-ல் சபை அதை வெளிப்படையாக அறிவித்தது. 1890-ல் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் கைவிடச் சொல்லி அறிக்கை விட்டார். அப்புறமும் சிலர் விடாததால் 1904-ல் இன்னொரு அறிக்கை வந்தது. இன்றைக்கு இரண்டாவது மனைவி கட்டினால் சபையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். உங்கள் வீடியோவில் நீளப் பாவாடை கட்டிய பத்துப் பெண்களோடு ஒருத்தன் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதிரி ஆட்கள் பிரிந்துபோன சின்னக் கூட்டங்களைச் சேர்ந்தவர்கள். அப்படி ஒரு கூட்டத்தின் தலைவன் வாரன் ஜெஃப்ஸ், சிறுமிகளைக் கெடுத்ததற்காக 2011-ல் ஆயுள் தண்டனை வாங்கி டெக்சாஸ் சிறையில் இருக்கிறான். அவனைக் காட்டி உங்கள் மகன் பார்த்த பெண்ணை எடைபோடுவது நியாயமா? நம் தாத்தாக்கள் காலத்தில் சின்னவீடு இல்லாத பெரிய வீடு எத்தனை இருந்தது என்று இங்கே கணக்கெடுக்க வேண்டாம்.

உள்ளாடை விஷயம் இதுதான்: கோயிலில் உறுதிமொழி எடுத்தவர்கள் அதன் நினைவாக உள்ளே போட்டுக்கொள்ளும் சாதாரண வெள்ளைத் துணி. 2014-ல் சபையே படம்பிடித்துக் காட்டி, கேலி செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. பூணூலையும் தாயத்தையும் பார்த்து வளர்ந்த நாம் அதைப் பார்த்துச் சிரிப்பது வேடிக்கைதான்.

மலைக்குள் அறை நிஜம். சால்ட் லேக் நகரத்துக்குப் பக்கத்தில் கருங்கல் மலையைக் குடைந்து 1965-ல் கட்டி முடித்தார்கள். உள்ளே சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள். எல்லாம் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடுகள். நம் ஹரித்வாரில் பண்டாக்கள் என்கிற தீர்த்தப் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த வம்சாவளி ஏடுகளையும் படம்பிடித்திருக்கிறார்கள். ஏனென்றால் குடும்பம் சாவோடு முடிவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் முன்னோர் பெயரைத் தேடி எடுத்து, அவர்களுக்குப் பதிலாக உயிரோடு இருப்பவர் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுக்கிறார். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் விருப்பம் என்கிறார்கள். அமாவாசைக்கு மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கும் வீட்டிலிருந்து எழுதுகிறீர்கள், இதிலென்ன பயம்? ஆனால் நாஜிகள் கொன்ற யூதர்களின் பெயருக்கும் இதைச் செய்தது பெரிய மனவருத்தமானது. நிறுத்துவதாக 1995-ல் ஒப்புக்கொண்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

அரசாங்கம் கையில் இருந்தால் 2012 ஜனாதிபதித் தேர்தலில் அவர்கள் சபைக்காரர் மிட் ராம்னி ஒபாமாவிடம் ஏன் தோற்றார்?

நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. 1857-ல் தெற்கு ஊட்டாவில் வழிப்பயணம் வந்த சுமார் 120 பேரை அந்த ஊர் மோர்மன் ஆட்கள் கொன்றார்கள். 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கொடுக்கவில்லை. சபையின் பங்குச் சந்தை முதலீட்டை வேறு கம்பெனிப் பெயர்களில் மறைத்துக் காட்டியதற்காக, சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 2023-ல் 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. இதெல்லாம் பதிவில் இருக்கிறது. ஒன்றாவது உங்கள் வீடியோவில் வந்ததா?

ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்விகள் வேறே இருக்கின்றன. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்குக் கொடுப்பார்கள். உங்கள் மகன் சம்பளத்திலும் அந்தக் கணக்கு உண்டா? பிள்ளைகளுக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். உங்கள் பேரனுக்கு? இவன் சபையில் சேரப் போகிறானா? சேரவில்லையென்றால் அவர்கள் கோயிலுக்குள் கல்யாணம் நடக்காது. வெளியேதான் நடக்கும், நீங்கள் முன்வரிசையில் உட்காரலாம். சேர்ந்துவிட்டால், கோயிலுக்குள் நடக்கும் சடங்கைச் சபைக்காரர் அல்லாத பெற்றோர் பார்க்க முடியாது. உங்களை அழவைக்கக்கூடியது இதுதான். ஆனால் 2019-லிருந்து ஒரு வழி இருக்கிறது: முதலில் எல்லார் முன்னாலும் கல்யாணம், முன்பு போல ஒரு வருஷம் காத்திருக்காமல் அப்புறம் கோயில். இதை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். அவள் பதில் சொல்லக் கடமைப்பட்டவள். கேட்பது உங்கள் கடமை. பெற்றவர்கள் இல்லாத கல்யாணம் எனக்கு ஒப்புதல் இல்லை, அதைப் பழைய காலத்து மனசு என்று சொன்னாலும் சரி.

அவள் உங்கள் வீட்டுக்கு வந்தால் டிகிரி காப்பியைத் தொட மாட்டாள். காப்பி, டீ இரண்டும் அவர்களுக்கு விலக்கு. பால் காய்ச்சிக் கொடுங்கள். மோர்மன் என்ற பெயரையும் சபை இப்போது விரும்புவதில்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப் பெயரைத்தான் சொல்லச் சொல்கிறார்கள். வாயில் நுழையாவிட்டால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆறு பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரை நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை.

நாத்தனார் மகனை ம்யூட் செய்யுங்கள். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மகனைக் கூப்பிடுங்கள். அங்கே அப்போது சனிக்கிழமை காலை, லீவு. ஸ்பீக்கரில் போட்டு அவன் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. கல்யாணப் பேச்சு அன்றைக்கு வேண்டாம். யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது என்று கேளுங்கள். லாப்ராஸ்கோபி என்றால் வயிற்றில் நாலு சின்னத் தழும்பு இருக்கும். எங்கெங்கே என்று சொல்லச் சொல்லுங்கள்.