பேஸ்மென்ட் வீட்டுக் காற்று: மெஷின் வாங்க முதல் பார்க்க வேண்டியவை

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். செப்டம்பரில் கனடா வந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் (நிலமட்டத்துக்குக் கீழே இருக்கிற தளத்தில்) வாடகைக்கு இருக்கிறீர்கள். குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப்போயிருக்கிறது. சின்னவனுக்கு இரவில் இருமல் விடுவதாக இல்லை. கோட்டெல்லாம் கறி மணம். அம்மா வேறு வீட்டுக்குள் சாம்பிராணி பிடிக்கிறார். 400 டொலருக்கு ஒரு எயார் பியூரிஃபயர் வாங்குவோம் என்று உங்கள் அவர் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்த மெஷின் தூசையும் புகையையும் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி தண்ணீர்தான். நான் இங்கே வீடு வீடாகப் போய் ஹீட்டிங் வேலை செய்கிறவன். எங்கள் ஆட்களின் பேஸ்மென்டுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசலில் கால் வைத்தவுடனேயே கண்ணாடியின் கீழ்ச்சட்டம் ஊறி உப்பியிருப்பதைப் பார்த்தால் மிச்சக் கதை எனக்கு விளங்கிவிடும்.

ஊரில் குசினி புறம்பாக இருக்கும். ஓட்டு இடுக்காலும் யன்னல் கிராதியாலும் புகையும் ஆவியும் தன்பாட்டில் போய்விடும். இங்கே வீட்டைக் கட்டுவதே சூடு வெளியே போகக்கூடாது என்றுதான். சூடு நிற்கிற இடத்தில் ஆவியும் நிற்கிறது. சோறு வடிக்கிற ஆவி, புட்டுப் பானை ஆவி, குளிக்கிற ஆவி, கொடி கட்டிக் காயவிடுகிற உடுப்பின் ஈரம், நான்கு பேர் இரவு முழுக்க விடுகிற மூச்சு, எல்லாம் அந்த இரண்டு அறைக்குள்ளேயே சுற்றும். சூடான காற்று இந்த ஈரத்தைத் தாங்கும். அதே காற்று குளிர்ந்த கண்ணாடியிலோ வெளிச்சுவரிலோ பட்டவுடன் தாங்க முடியாமல் தண்ணீராக விட்டுவிடும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அந்த மூலைக்குச் சூடும் போகாது, காற்றும் ஓடாது. அதனால்தான் பூஞ்சணம் அங்கே பிடிக்கிறது. அலுமாரியை ஒரு சாண் முன்னுக்கு இழுத்துவிடுங்கள். மெத்தையைத் தரையில் போட்டுப் படுக்கிறீர்கள் என்றால் அடியையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

முதலில் வாங்க வேண்டியது, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டுகிற ஈரப்பதமானி. ஹோம் டிப்போவிலோ கனேடியன் டயரிலோ 15, 20 டொலருக்குள் கிடைக்கும். யன்னலடியில் வைக்காமல், நீங்கள் படுக்கிற அறையில் வையுங்கள். 30க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் இருப்பது நல்லது என்பது ஹெல்த் கனடாவின் கணக்கு. கடும் குளிரில் 30ஐ ஒட்டியே இருக்கட்டும். உங்கள் வீட்டில் 60 காட்டினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

குறைப்பதற்கு வழி யன்னல்தான். காலையில் ஒரு தரம், சமைத்த பிறகு ஒரு தரம், ஐந்து பத்து நிமிடம் நன்றாகத் திறந்துவிட்டு மூடுங்கள். நாள் முழுக்க ஒரு விரல் இடைவெளி விடுவதால் பிரயோசனமில்லை, யன்னலைச் சுற்றியிருக்கிற சுவர்தான் குளிர்ந்துபோகும். "வெளியே மைனஸ் பத்து, பிள்ளைக்குக் கூடாதே" என்பீர்கள். திறக்கிற நேரம் பிள்ளையை மற்ற அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். சுவரும் தளபாடமும் சூட்டை வைத்திருக்கும், யன்னலை மூடியவுடன் அறை திரும்பச் சூடாகிவிடும். மைனஸ் பத்துக் காற்றில் தண்ணீர் மிகக் கொஞ்சம்தான் இருக்கும். அது உள்ளே வந்து சூடானால் நல்ல காய்ந்த காற்று, காசில்லாமல் வருகிறது. யன்னல் ஒரு பக்கம் மட்டும்தான் என்றால் அந்த நேரம் பாத்ரூம் ஃபேனையும் போடுங்கள். குளித்து முடித்த பிறகும் அந்த ஃபேன் அரை மணித்தியாலம் ஓடட்டும்.

ஜூலையில் இது அப்படியே தலைகீழ். வெளியே புழுங்குகிற காற்றை உள்ளே விட்டால் அது பேஸ்மென்டின் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். புழுக்கமான நாட்களில் யன்னலை மூடி, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தெடுக்கிற டிஹியூமிடிஃபயர் போட வேண்டும். பேஸ்மென்டில் இருக்கிறவருக்குப் பியூரிஃபயரைவிட அதுதான் உதவும்.

இனிச் சமையல். அடுப்புக்கு மேலே இருக்கிற ஃபேன் காற்றை வெளியே கொண்டுபோகிறதா, இல்லை முகத்துக்கே திருப்பி ஊதுகிறதா என்று பாருங்கள். ஃபேனைப் போட்டுவிட்டு அதன் மேல்விளிம்புக்கு நேரே கையை நீட்டுங்கள். காற்று கையில் அடித்தால் அது சுற்றிச் சுற்றி விடுகிற வகை. ஒரு கரி ஃபில்டரால் கொஞ்ச மணத்தை எடுக்கும், ஆவியும் நுண்புகையும் வீட்டுக்குள்ளேதான். பேஸ்மென்ட் குசினிகளில் இந்த வகை நிறைய இருக்கிறது. வெளியே போகிற வகை என்றால் வெளிச்சுவரில் ஒரு சின்ன மூடி இருக்கும், ஃபேன் ஓடும்போது அது திறந்து ஆடும். அடியில் இருக்கிற வலையைக் கழற்றிப் பாருங்கள். முன்பு இருந்தவர்களின் எண்ணெய் தேன்மாதிரி வடியும். சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் போட்டு ஊறவிட்டால் போய்விடும். சட்டியைப் பின் அடுப்பில் வைத்தால் ஃபேன் கூடப் பிடிக்கும். முன் அடுப்பில் தாளித்தால் பாதிப் புகை ஃபேனுக்குள் போகாமல் ஓடிவிடும். சமைத்து முடிந்து ஒரு கால் மணித்தியாலமாவது ஃபேன் ஓடட்டும்.

மிளகாய்த்தூள் வறுக்கிற வேலையை மட்டும் பேஸ்மென்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். மேலே வீட்டுக்காரருக்கும் தும்மல் வரும், பிறகு வேறு கதை தொடங்கும். வறுத்த தூளாகத் தமிழ்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. சிலர் கராஜுக்குள் காஸ் அடுப்பை வைத்து, குளிருக்குக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வறுப்பார்கள், பொரிப்பார்கள். எனக்கு நெஞ்சு பதறும். காஸோ கரியோ மூடின இடத்தில் எரிந்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடி, பிரட்டல், நித்திரை தூங்கிற மாதிரி ஒரு சோர்வு, அதோடு ஆள் எழும்பாமலே போகலாம். வெளியே முற்றத்தில் அடுப்பை வைத்தால் பிரச்சினையில்லை.

கார்பன் மொனொக்சைட் சேர்ந்தால் சத்தம் போடுகிற அலாரம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே பாருங்கள். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அவர்கள் பெயரில் 2013இல் சட்டம் வந்தது. காஸ் ஃபேர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்குகிற காஸ் மெஷின், இருக்கிற வீட்டில் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருந்தே ஆக வேண்டும், வாடகை வீட்டில் அதைப் போட்டுத் தருவது வீட்டுக்காரரின் கடமை. ஃபேர்னஸுக்குக் காற்றும் புகையும் போய்வருகிற பிளாஸ்டிக் குழாய்கள் வெளிச்சுவரில் எங்கே வருகின்றன என்றும் பார்த்து வையுங்கள். பெரிய ஸ்னோ கொட்டினால் காருக்கு முன் அந்தக் குழாய் வாயைத்தான் துப்புரவாக்க வேண்டும்.

ஃபேர்னஸ் பெரும்பாலும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கும், மேல்வீட்டுக்கும் சேர்த்து அதே காற்றுத்தான். அதன் ஃபில்டரை இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் 16x25x1 என்ற மாதிரி அளவும், காற்று ஓடுகிற பக்கம் காட்டுகிற அம்புக்குறியும் இருக்கும். ஓர் அங்குலத் தடிப்பு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். நான் கழற்றுகிறவற்றில் சில சாம்பல்நிறக் கம்பளிபோலத் தூசு பிடித்து வளைந்தே போயிருக்கும். ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசைப் பிடிக்கும் என்று காட்டுகிற எண்தான் மேர்வ், அதில் 13 என்று போட்டது நுண்புகையையும் நன்றாகப் பிடிக்கும். பழைய ஃபேர்னஸ் என்றால் அது காற்றோட்டத்தை இறுக்கலாம், அதனால் வீட்டுக்காரர் ஹீட்டிங் வேலை செய்கிறவரிடம் ஒருதரம் கேட்டுவிட்டுப் போடட்டும். ஃபேர்னஸ் அறைக்குள் பெயின்ட், பெற்றோல் கான், சூட்கேஸ் எதையும் அடுக்கவிடாதீர்கள்.

கறுத்த சுவரைப் பற்றி. எந்த வகைப் பூஞ்சணம் என்று ஆராயத் தேவையில்லை, எதுவானாலும் எடுக்க வேண்டும். ஒரு சதுர மீற்றருக்குள் என்றால் என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். பிளீச் தேவையில்லை, அந்த நெடிதான் பேஸ்மென்டில் நிற்கும். துடைத்தும் திரும்ப வந்தாலோ, சுவர் மெத்தென்று இருந்தாலோ, தண்ணீர் வெளியிலிருந்து வரலாம். அது வீட்டுக்காரரின் வேலை.

இங்கேதான் எங்கள் ஆட்கள் சறுக்குகிறார்கள். வீட்டுக்காரர் தெரிந்த அண்ணையாக இருப்பார், ஊர்க்காரராகவும் இருப்பார், சொன்னால் முகம் முறிந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். சொல்லுங்கள், மரியாதையாக, ஆனால் எழுத்தில். போட்டோவோடு ஒரு மெசேஜ் போதும். "பார்த்துத்தானே வந்தீங்கள்" என்று அவர் சொல்ல முடியாது. ஒன்ராறியோ வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, குறை தெரிந்தே நீங்கள் குடிவந்திருந்தாலும் வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது அவர் பொறுப்பு. சரி, கேட்கவே இல்லை என்றால் நகரசபையின் 311 என்ற தொலைபேசி எண்ணுக்கு அடித்தால் அங்கிருந்து பார்க்க வருவார்கள். ஒரு விஷயம் மட்டும்: குசினியையோ பாத்ரூமையோ வீட்டுக்காரர் குடும்பத்தோடு பங்கு போடுகிறீர்கள் என்றால் இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அப்போது பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ரேடன் என்று ஒரு வாயு இருக்கிறது, ஊரில் நாங்கள் கேள்விப்படாதது. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகி, கொங்கிரீட் வெடிப்பாலும் தண்ணீர் வடிகிற குழியாலும் பேஸ்மென்டுக்குள் வரும். சிகரெட் தொடாதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர முதற்காரணம் அதுதான். ஒரு கனமீற்றர் காற்றில் 200 பெக்கரலுக்கு (கதிர்வீச்சை அளக்கிற அலகு) மேல் போகக்கூடாது என்பது 2007இலிருந்து கனடாவின் அளவுகோல். பயப்பட ஒன்றுமில்லை, பார்த்தால் போதும். சோதனைக் கிட்டை வாங்கி, குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் அறையில் வைத்துவிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டில் இல்லை என்பதால் உங்களிடம் இல்லை என்று ஆகாது.

சாம்பிராணி விஷயத்தில் அம்மாவோடு சண்டை வேண்டாம். ஆனால் இருமுகிற பிள்ளையின் தலைக்கு மேல் பிடிப்பது வேண்டாம். வெள்ளிக்கிழமை சாமி அறையில் காட்டிவிட்டு யன்னலைத் திறந்துவிடுங்கள். கறி மணத்தை மறைக்கப் பிளக்கில் குத்துகிற வாசனைச் சாமானை வாங்கவே வேண்டாம், அது காற்றில் இன்னொன்றைச் சேர்க்கிறதே தவிர எதையும் எடுக்காது. கோட்டுகளைக் குசினியிலிருந்து தள்ளி, கதவுள்ள அலுமாரிக்குள் தூக்குங்கள்.

உங்கள் அவரின் மெஷினுக்கும் ஒரு காலம் உண்டு. 2023 ஜூனில் கியூபெக் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடியபோது யன்னலைத் திறக்க வழியே இருக்கவில்லை. அப்படியான நாட்களுக்கு மிக நுண்ணிய துகளையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ள ஒன்று நல்லது. பெட்டியில் புகைக்கான சிஏடிஆர் என்று ஓர் எண் போட்டிருக்கும், மெஷின் எவ்வளவு வேகமாகக் காற்றைச் சுத்தமாக்கும் என்பதுதான் அது. 12க்கு 12 அறை என்றால் 144 சதுர அடி, சாதாரண நாட்களுக்கு அதில் மூன்றில் இரண்டு, நூறளவு போதும். காட்டுத்தீப் புகைக்கு 144ஐ ஒட்டியே பாருங்கள். அதற்கு 400 டொலர் தேவையில்லை. ஓசோன் விடுகிறவற்றைத் தொடாதீர்கள், அது நெஞ்சுக்குக் கூடாது.

சின்னவனின் இருமலுக்கு இதையெல்லாம் செய்து முடியும்வரை காத்திருக்க வேண்டாம். குடும்ப டொக்டரிடம் காட்டும்போது பேஸ்மென்ட், சுவரில் பூஞ்சணம் என்பதைச் சொல்லி போட்டோவையும் காட்டுங்கள். ஆஸ்துமாவா என்று பார்க்க அவருக்கு அது உதவும். டொக்டர் இன்னும் கிடைக்கவில்லை என்றால் முன்பதிவில்லாமல் காட்டக்கூடிய வாக்-இன் கிளினிக்குக்குப் போங்கள். ஈரப்பதமானி என்ன காட்டுகிறது, ஃபேன் எந்த வகை என்று பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.