ஒரே ஒரு மார்க்கர் பொருந்தவில்லை: நான் அப்பா இல்லையா?

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, டிஎன்ஏ டெஸ்ட்டுக்காக எனக்கும் மகனுக்கும் கன்னத்தின் உட்புறம் பஞ்சு தடவி எடுத்துப் போனார். 21 மார்க்கரில் 20 பொருந்துகிறது, ஒன்று பொருந்தவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. 'அப்பா நீங்கள் இல்லை' என்கிறார். கூடுதலாகப் பணம் கட்டினால் ஒய் குரோமோசோம் டெஸ்ட்டில் முடிவு தெரியுமாம். கட்டலாமா? - தேவகோட்டை வாசகர்

பதில்: கட்டாதீர்கள். மார்க்கர் என்பது டிஎன்ஏவில் ஒரு சிறு துணுக்கு எத்தனை தடவை திரும்ப வருகிறது என்ற எண்ணிக்கை. உங்களிடம் 16-ம் 19-ம், பையனுக்கு அப்பா பக்கமிருந்து வந்தது 17 என்று வையுங்கள். விந்தணு உருவாகும்போது படியெடுப்பதில் ஓர் எண் கூடும், குறையும். கண்டாங்கி நெய்கிறவர் கட்டம் எண்ணுவதில் ஒன்று பிசகுவது மாதிரி. ஒரு மார்க்கருக்கு ஆயிரத்தில் ஒன்றிரண்டு தடவை இப்படி ஆகும். 21 மார்க்கர் பார்த்தால், பெற்ற அப்பாக்களிலேயே நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஒன்று உதைக்கும். ஒன்றை வைத்து எந்த நல்ல லேபும் 'இல்லை' என்று எழுதாது. சந்தேகம் உங்கள் அண்ணன் தம்பி மேல் என்றால் மட்டும் லேபிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கணக்கே மாறும்.

ஒய் டெஸ்ட்தான் எனக்கு எரிச்சல். அது அப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக அப்படியே போவது. உங்களுக்கு உள்ளதுதான் உங்கள் சித்தப்பாவுக்கும் பங்காளிகளுக்கும். பொருந்தினால் 'இந்த வகையறா ஆண்' என்று தெரியும், அவ்வளவுதான். நம் பக்கம் பங்காளிகளுக்குள்ளேயே பிள்ளை கூட்டுகிறார்கள், அதாவது தத்தெடுக்கிறார்கள். கூட்டிய பிள்ளைக்கும் வளர்த்தவருக்கும்கூட அது பொருந்த வாய்ப்புண்டு! இதற்கா காசு?

ஓர் அபூர்வம் உண்டு. 2002-ல் அமெரிக்காவில் லிடியா ஃபேர்சைல்டு என்ற பெண், தான் பெற்ற பிள்ளைகளுக்கே தாய் இல்லை என்று டிஎன்ஏ சொன்னது. அடுத்த பிரசவத்தை நீதிமன்றம் ஆள் வைத்துப் பார்த்தது. அந்தக் குழந்தையும் பொருந்தவில்லை. கடைசியில் அவர் உடம்பிலேயே இரண்டு வகை டிஎன்ஏ இருந்தது தெரிந்தது. கர்ப்பப்பை வாய்ச் செல்கள் பொருந்தின. ஆனால் அப்படியானால் ஒன்றல்ல, பல மார்க்கர் உதைக்கும். உங்கள் கதை அதுவல்ல.

இன்னொன்று. வீட்டில் எடுத்த மாதிரிக்கு சாட்சி, கையெழுத்து, சீல் எதுவும் கிடையாது. நீதிமன்றத்தில் அந்தக் காகிதம் செல்லாது. திருமணத்துக்குள் பிறந்த பிள்ளை கணவனுடையதே என்றுதான் பாரதிய சாட்சிய சட்டம் 116-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. நீதிமன்றம் வழியாகப் போனால் மாதிரி எடுக்கவே வாய்தா மேல் வாய்தா. அந்த இடைவெளியில்தான் இந்த ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்.

லேபுக்கே நேரடியாக எழுதுங்கள். மனைவி சம்மதித்தால் அவருடைய மாதிரியையும் சேர்த்து, அந்த ஒரு மாற்றத்தைக் கணக்கில் எடுத்த தந்தைமை விகிதத்தையும் (நீங்கள் அப்பா என்பதற்கு டிஎன்ஏ ஆதாரம் எவ்வளவு வலு என்ற கணக்கு) கையெழுத்திட்ட முடிவையும் கேளுங்கள். அதுவரை ஏஜென்ட் போனை எடுக்காதீர்கள்.