24 பக்கப் படக்கதை, நவம்பர் 20-க்குள் கோப்பு: வண்ணம் எப்போது தொடங்குவது?

நவம்பர் 20-க்குள் படங்களின் கோப்பைக் கொடுக்க, படம் வரையும் நீங்கள் அக்டோபர் 1-ல் வண்ணம் தொடங்கியாக வேண்டும். தலைப்புப் பக்கமும் கடைசிப் பக்கமும் போக உங்களுக்கு 11 இரட்டைப் பக்கங்கள் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே வரும் இரண்டு பக்கங்கள்). வண்ணத்துக்கு ஒன்றுக்கு மூன்று நாள் என்றால் 33 வேலைநாள். ஸ்கேன், திருத்தத்துக்கு ஒரு வாரம், தீபாவளிக்கு நாலைந்து நாள், ஞாயிறுகள் எல்லாம் சேர்த்து நவம்பர் 20-லிருந்து பின்னோக்கிக் கழித்தால் அக்டோபர் 1-ல்தான் வந்து நிற்கும். அதற்கு முன்பே பென்சில் வரைவு முழுவதும் ஒப்புதலாகியிருக்க வேண்டும்.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு நவம்பரிலேயே அவசரப்படுத்துகிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டுக் கடைசியில் அச்சகங்களில் காலண்டர், டைரி வேலை குவியும். சிவகாசியில் கேட்கவே வேண்டாம். பிடித்து வைத்த தேதியைத் தவறவிட்டால் அடுத்த இடம் எளிதில் கிடைக்காது.

உங்கள் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் வண்ணமாக இருக்காது. கதையின் வரிகள் இன்னும் எடிட்டிங்கில் இருக்கும். படத்தில் நாலு வரிக்கு என்று காலியாக விட்ட வானத்தில் ஏழு வரி வந்து உட்கார்ந்தால் படத்தையே மாற்ற வேண்டிவரும். இறுதி வரிகள் கைக்கு வராமல் வண்ணத்தைத் தொடாதீர்கள்.

இந்த வாரமே செய்து பாருங்கள்:

1. ஆள்கூட்டம் அதிகமுள்ள ஒரு இரட்டைப் பக்கத்தைப் பென்சில் முதல் ஸ்கேன் வரை முடித்து, ஆன மணி நேரத்தைக் குறியுங்கள்; வண்ணத்துக்கு ஆனதைத் தனியாக. வண்ணம் மட்டுமே மூன்று நாளைத் தாண்டினால் எடிட்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.
2. அதை மடித்துப் பாருங்கள். முகம் நடுமடிப்பில் விழக்கூடாது. அச்சகத்தில் ஓரம் வெட்டுவதற்காக நாலு பக்கமும் 3 மிமீ கூடுதலாக வரைந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும்: நவம்பர் 20 என்பது எடிட்டருக்கா, அச்சகத்துக்கா என்று எழுத்தில் கேளுங்கள். அச்சகத்துக்கு என்றால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் ஒரு வாரமாவது முன்னால் நகரும். அட்டைப்படத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. விளம்பரத்துக்காக அதை முதலில் கேட்பார்கள்.